ராக்கெட்டம்மா கவரும் என் சிவப்புப் பேனாவும்

ஆழத்துப் பிள்ளையார் துணை

பூதாமூர், விருத்தாசலம்
திங்கட்கிழமை

அன்புக்கும் ஆசிக்கும் உரிய மைத்துனர் சிரஞ்சீவி நந்தகுமாருக்கு, உன் அக்காள் அம்புஜவல்லியின் கணவனும், வங்கியில் ஊரார் கையெழுத்தைச் சரிபார்த்தே கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவனுமாகிய சக்கரபாணி எழுதும் கடிதம். இங்கே நான் சௌக்கியம். உன் அக்காளும் சௌக்கியமாக இருப்பதாகத்தான் தெரிகிறது. அவள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருப்பதால் வாய்விட்டு விசாரித்து எழுத முடியவில்லை. சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது, அதை வைத்துச் சொல்கிறேன். பெங்களூரில் உன் சௌக்கியத்தையும் உன் மனைவி சௌபாக்கியவதி பூர்ணிமாவின் சௌக்கியத்தையும் நேரில் வந்து சொல்லவும். ஆமாம், நேரில்தான். சனிக்கிழமைக்குள்.

மாப்ளே! மரியாதையெல்லாம் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். வந்துடுச்சு! நம்ம வூட்டுக்கே வந்துடுச்சு! விண்வெளிக்குப் போய், அங்கே மிதந்துகொண்டே முத்திரை குத்தப்பட்டு, பத்திரமாகப் பூமிக்குத் திரும்பிய கவர், அதுவும் போய்வந்தவரின் கையெழுத்தோடு, அசல், கலப்படமில்லாத அசல், இந்த நிமிஷம் நம் பூதாமூர் வீட்டு பீரோவில், என் கல்யாணப் பட்டு வேட்டிக்குள் படுத்திருக்கிறது. பீரோ சாவி என் அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிப்பாய், பூர்ணிமாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுவாய். அதோடு, போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கட் பண்ணிவிட்டு, சார்ஜ் போய்விட்டது என்று செய்தி அனுப்பினேனே, அது பொய். போனில் சார்ஜ் இருந்தது. எனக்குத்தான் போயிடுச்சு. ஏன் என்று முறையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் படி.

இந்தப் பைத்தியத்தைப் பொங்கலுக்கு வந்தபோது எனக்கு ஒட்டவைத்துவிட்டுப் போனவனே நீதான். ஆல்பத்தைத் திறந்து, பஞ்சுக்குள் வைத்த பச்சைக் குழந்தை மாதிரி ஒரு கவரை எடுத்துக் காட்டினாய். விண்வெளி வீரர்கள் போகும்போது கூடவே ஒரு கட்டுக் கவர் கொண்டுபோவார்கள், அங்கே முத்திரை அடித்துக் கையெழுத்துப் போடுவார்கள், அது திரும்பி வந்ததும் உலகம் பூராவும் உன்னைப் போன்றவர்கள் அதற்காகத் தவம் கிடப்பார்கள் என்றாய். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன் அக்காள் மட்டும் கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? "கவருக்குள்ள என்னாடா இருக்குது?" "ஒண்ணும் இல்லக்கா, வெறுங்கவருதான்." "ஒண்ணும் இல்லாத கவரயா அவ்ளோ தூரம் தூக்கிட்டுப் போயிட்டு வந்தாங்க? உள்ள நாலு வரி எழுதி வெச்சிருந்தா வாங்குனவங்க சந்தோஷப்பட்டிருப்பாங்கல்ல. கவருன்னா உள்ள ஒண்ணு இருக்கணும்டா." நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது நான் அனுபவிக்கிறேன்.

நீ ரயிலேறிய மறுநாளே நான் களத்தில் இறங்கிவிட்டேன். இன்டர்நெட்டில் தேடி, மார்த்தா கெல்லர்மன் என்ற ஓய்வு பெற்ற விண்வெளி வீராங்கனையைப் பிடித்தேன். பெயர் நம் ஊர் வாய்க்குள் நுழையாததால் தெருவில் எல்லாரும் ராக்கெட்டம்மா என்றே சொல்கிறார்கள். அந்த அம்மாவுக்கு என் வங்கி ஆங்கிலத்தில், மேற்படி பொருள் தொடர்பாகத் தங்களுடைய மாதிரிக் கையெழுத்து ஒன்றை அனுப்பி உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொண்டேன். வந்தது மாப்ளே, வந்தது! சிரித்த முகமாக ஒரு போட்டோ, அதன் கீழே கையெழுத்து. என்ன கையெழுத்து! ஒரு நடுக்கம் இல்லை, ஒரு திட்டு இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. என் சர்வீஸில் இப்படி ஒரு சுத்தமான கையெழுத்தை நான் பார்த்ததில்லை. அதை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் காட்டினேன். பொறுக்குமா பெண்ணாடம் தமிழ்மணிக்கு? அதான், சர்க்கரை ஆலை எடைமேடையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்டாம்பு சேர்க்கிறேன் என்று என் வயிற்றெரிச்சலைச் சேர்ப்பவர். "ஓய், ராக்கெட்டம்மா எனக்கும் அனுப்பியிருக்குது. ஒம்மளுது ஜெராக்ஸா இருக்கப் போவுது" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

நேரே பக்கத்துத் தெரு மாணிக்கவேலின் பீங்கான் பட்டறைக்கு இரண்டு பேரும் போனோம். சூளைக்குப் போகக் காத்திருந்த பிள்ளையார் பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, பொம்மையில் விரிசல் பார்க்கிற கண்ணாடி ஜன்னலில் என் போட்டோவை வைத்தேன், அதன்மேல் தமிழ்மணியின் போட்டோவை வைத்தேன். வெளிச்சம் ஊடுருவியது. மாப்ளே, ஒரு கையெழுத்தின்மேல் இன்னொரு கையெழுத்து, மயிரிழை பிசகில்லை! புள்ளிமேல் புள்ளி, சுழிமேல் சுழி! நான் கத்தியே விட்டேன். "இப்படி ஒத்துப்போச்சுன்னா பேங்குல கண்ண மூடிக்கிட்டுப் பாஸ் பண்ணுவோம்யா! உம்முதும் அசல், என்னுதும் அசல்!" தமிழ்மணி என்னைக் கட்டிப்பிடித்தார், நான் அவரைக் கட்டிப்பிடித்தேன், இத்தனை வருஷத்துப் பகை தீர்ந்தது, பட்டறைக்காரர்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்தோம். அந்த ஜன்னலைப் படமெடுத்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீ ஆபீஸ் வேலையாக எங்கேயோ போயிருந்தாய், பார்க்கவில்லை. பார்த்துத் தொலைத்திருக்கக் கூடாதா!

ஏனென்றால் அடுத்த வாரம் ஒரு பார்சல் வந்தது. வெளிநாட்டுப் பார்சல். பெறுநர் இடத்தில் அம்புஜவல்லி என்று இருந்தது. உன் அக்காள் கடைக்குப் போயிருந்தாள். அவள் பெயருக்கு வந்தால் என்ன, என் பெயருக்கு வந்தால் என்ன, ஒரே வீடுதானே என்று நானே பிரித்தேன். உள்ளே ஒரு கவர். ஒரு பக்கம் ஏதோ விண்வெளி நிலைய முத்திரை, இன்னொரு பக்கம் மார்த்தா கெல்லர்மன் என்று பேனாவில் கையெழுத்து. அப்போதே தெருவுக்கு ஓடியிருப்பேன். ஆனால் பழக்கம் விடுமா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாதிரிக் கையெழுத்தான என் போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஒத்துப்போகவில்லை! முதலெழுத்து குண்டாக இருக்கிறது, நடுவில் பேனா எழுதாமல் இழுத்திருக்கிறது, கடைசிச் சுழி கீழே சரிந்து கிடக்கிறது. வயசான கை எழுதிய மாதிரி ஒரு நடுக்கம் வேறு. உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தமிழ்மணி! கட்டிப்பிடித்ததெல்லாம் நடிப்பு! போலி ஒன்று செய்து, என் மனைவி பெயருக்கே அனுப்பி, நான் ஊரெல்லாம் காட்டி அவமானப்படட்டும் என்று திட்டம்! யாருகிட்ட? விடுவேனா நான்? மேஜை டிராயரைத் திறந்தேன், என் பழைய சிவப்புப் பேனாவை எடுத்தேன். வங்கியில் இதைத் தனிச் சீட்டில் எழுதித்தான் இணைப்போம், ஆனால் அன்றைக்கு ஆத்திரத்தில் கவரின்மேலேயே, கையெழுத்துக்கு அடியில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: "கையெழுத்து மாறுபடுகிறது." பக்கத்தில் என் இனிஷியல், தேதி. சும்மா சொல்லக்கூடாது, எழுதி முடித்ததும் பெரிய நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியோடு கவரைப் பையில் போட்டுக்கொண்டு பெண்ணாடம் பஸ் ஏறினேன். தமிழ்மணி வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கவரை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "என்னா வேலய்யா இது?" என்றேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அமைதியாக ஒன்று கேட்டார். "ஏன்யா சக்கரபாணி, இப்பேர்ப்பட்ட ஒரு போலிய எனக்குச் செய்யத் தெரிஞ்சா, அத ஒம்ம வூட்டுக்காரம்மா பேருக்கா அனுப்புவேன்? எம் பேருக்கே அனுப்பி வெச்சுக்க மாட்டேன்?" அதில் ஒரு நியாயம் இருந்தது. கவரைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி பஸ் ஏறினேன். அப்போதுதான் உன் போன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு சாகும்வரை இருக்கும். "மாமா, படம் பாத்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க, ரெண்டு கையெழுத்தும் அச்சு அசலா ஒத்துப்போச்சுன்னா அது மெஷின் போட்டது. ஆயிரக்கணக்குல கேக்குறாங்கல்ல, பேனாவ மெஷின்ல மாட்டி விட்டுடுவாங்க. மனுஷன் கை போட்ட கையெழுத்து ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கவே இருக்காது. மாறுபட்டாத்தான் மாமா அசல்." அங்கேதான் நான் போனைக் கட் பண்ணினேன். மாப்ளே, நான் உட்கார்ந்திருக்கிற சீட்டோடு பஸ் ஆழத்துப் பிள்ளையார் சன்னதிக்குள் இறங்கின மாதிரி இருந்தது. மாறுபட்டால்தான் அசல்! அதைத்தான் நான் சிவப்பு மையில் எழுதி, கையொப்பமிட்டு, தேதியும் போட்டிருக்கிறேன்!

வீட்டுக்குள் நுழையும்போதே உன் அக்காள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "ஏங்க, எம் பேருக்கு ஏதாச்சும் தபாலு வந்துச்சா?" என்றாள். நான் பையை நீட்டினேன். அவள் கவரைப் பார்த்தாள். பார்சல் உறையை எடுத்து உதறினாள். அதிலிருந்து நான் கவனிக்காத ஒரு போட்டோ விழுந்தது. வெள்ளை முடி ராக்கெட்டம்மா வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார், உள்ளங்கையில் நம் மாணிக்கவேல் பட்டறைப் பீங்கான் பிள்ளையார்! அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் மாதிரிக் கையெழுத்து கேட்டு எழுதிய அதே வாரம், உன் அக்காள் எனக்குத் தெரியாமல் மாணிக்கவேலிடம் ஒரு பிள்ளையார் வாங்கி, பழைய நூல் புடவையில் சுற்றி, தமிழிலேயே ஒரு கடுதாசி எழுதி, நான்கு முனையிலும் மஞ்சள் தடவி, என் நோட்டில் இருந்த முகவரிக்கு அனுப்பியிருக்கிறாள். என்ன எழுதினாள் தெரியுமா? "ஒயரத்துக்குப் போன பொண்ணும்மா நீ, அங்க தனியா இருந்திருப்ப. எங்க ஊர்ல ஒரு பிள்ளையார் ஆழத்துல இருக்காரு, படி எறங்கித்தான் பாக்கணும். அவரும் தனியாத்தான் இருக்காரு. தொணைக்கு வெச்சுக்க." அவ்வளவுதான். கையெழுத்து கேட்கவில்லை, கவர் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா யாரையோ பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தான் வைத்திருந்த கவரிலேயே தன் கையாலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். மாப்ளே, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷமா, துக்கமா, எனக்கே பிடிபடவில்லை. நம்ம அம்புஜத்துக்கு விண்வெளியில் இருந்து கவர்! அதில் கிறுக்கியவன் அவள் புருஷன்! உன் அக்காள் திட்டவில்லை. "ரிட்டயர் ஆயி இத்தினி வருஷமாச்சு, செவப்புப் பேனா ஏங்க இன்னும் வூட்ல இருக்குது?" என்று மட்டும் கேட்டாள். அதோடு பேச்சை நிறுத்தினாள்.

அடுத்த நாள் காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கொளஞ்சியப்பர் கோயிலுக்காம். நல்லது, கோபம் தணியச் சாமி கும்பிடப் போகிறாள் என்று நானே ஆட்டோ பிடித்து மணவாளநல்லூருக்குக் கூட்டிப்போனேன். அர்ச்சனைத் தட்டு நானே வாங்கினேன். அவள் உள்ளே போக, நான் அவள் செருப்புக்குக் காவலாக நின்றேன். பார்த்தால் அவள் சன்னதிக்குப் போகவில்லை, பிராது எழுதிக் கொடுக்கிற இடத்தில் நிற்கிறாள்! நம் ஊரில் பிறந்தவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறையைக் காகிதத்தில் எழுதி அங்கே வேலில் கட்டிவிட்டால் சாமி கோர்ட்டில் கேஸ் போட்ட மாதிரிதான். கட்டியவரே வந்து, பிராதை வாபஸ் வாங்குகிறேன் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தால்தான் கேஸ் முடியும். தூரத்தைப் பொறுத்துத்தான் கட்டணம் என்பதால் எழுதிக்கொள்பவர் வழக்கப்படி கேட்கிறார், "எதிராளி எந்த ஊரும்மா, எவ்ளோ தூரத்துல இருக்காரு?" உன் அக்காள் திரும்பிக் கையை நீட்டினாள். "தூரமெல்லாம் இல்லீங்க. அதோ, செருப்புக்கிட்ட நிக்கிறாரு பாருங்க, அவருதான்." அங்கிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் எனக்காக உச்சுக்கொட்டினார். திரும்பி வரும்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ஆட்டோக்காரரிடம் சொன்னாள். "அண்ணே, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம கடலூர்ல ஸ்டாம்பு எக்ஸிபிஷன் இருக்குதாம். எனக்கு வந்த கவரு எம்பேர்ல அங்க நிக்கணும். அதுல கிறுக்குனது நான்தான்னு அவரு வாயால ஒத்துக்கணும். அன்னிக்கே வந்து ராஜினாமா குடுத்துடறேன்னு அவருகிட்ட சொல்லுங்க." ஆட்டோக்காரர் என் பக்கம் திரும்பி, அதை வரிக்கு வரி என்னிடம் சொன்னார்.

ஆகவே மாப்ளே, என் குடும்பம் ஞாயிற்றுக்கிழமையில் தொங்குகிறது. கிறுக்கிய கவரை எக்ஸிபிஷனில் ஏற்கமாட்டார்கள் என்று தமிழ்மணி சொல்கிறார், சிவப்பு மை பட்டால் கவர் செத்த மாதிரியாம். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. நீ சனிக்கிழமைக்குள் வா. ராக்கெட்டம்மா கையெழுத்தைத் தொடாமல் என் எழுத்தை மட்டும் எடுக்க ஏதாவது மருந்து இருந்தால் கொண்டுவா, கண்ணாடித்தாள் உறையும் கொண்டுவா. ஒத்துக்கொள்வதை நான் ஒத்துக்கொள்கிறேன், ஊரறியக் கடலூரில் நின்று சொல்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. சொல்லும்போதே, இது என் பெண்டாட்டிக்கு வந்த கவர் என்றும் சொல்லலாம் அல்லவா! நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை மாப்ளே. பட்டறை ஆட்கள் கையிலிருக்கிற களிமண்ணைக் கழுவிவிட்டு வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மாணிக்கவேல் மோந்து பார்க்கலாமா என்று கேட்டார். மோந்து பார்த்துவிட்டு, "நம்ம சூளை மாதிரியே வாசன வருது சார்" என்றார். ஒரு பாட்டியம்மா கற்பூரம் காட்ட வந்தார், கவர் பற்றிக்கொள்ளும் என்று காலில் விழாத குறையாகத் தடுத்தேன். பாதுகாப்பைப் பற்றி நீ ஒரு துளியும் கவலைப்படாதே. கவர் என் கையை விட்டு, இந்த வீட்டை விட்டு, ஞாயிற்றுக்கிழமைவரை அசையாது. அந்தச் சிவப்புப் பேனாவையும் அன்றைக்கே தூக்கி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டேன், அதையும் உன் அக்காளிடம் எடுத்துச் சொல்.

இன்னொரு நல்ல சேதி. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க ஒரு கவர் வேண்டும், முகவரியும் நீயே எழுதிவிடு, சந்தோஷத்தில் எனக்குக் கை நடுங்குகிறது என்று உன் அக்காளிடம் இப்போது சொன்னேன். பேசவில்லை, ஆனால் தலையை ஆட்டினாள். கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. மனசு இளகுகிறது மாப்ளே! உனக்கும் பூர்ணிமாவுக்கும் ஆழத்துப் பிள்ளையார் ஆழமான சம்பாத்தியமும், கொளஞ்சியப்பர் பிராது இல்லாத இல்லறமும் அருள வேண்டும் என்று வாழ்த்தி, உங்கள் வரவை ரயிலடியில் நின்று எதிர்பார்க்கும்,

உன் மாமா,
சக்கரபாணி

பின்குறிப்பு (கவரின் முதுகில், தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் நின்றபடி எழுதுவது): மாப்ளே, கிழிக்காதே! இதைப் படித்துவிட்டுத் திற! உன் அக்காள் ஒட்டி, மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள், நான் பார்க்காமல் கவுண்ட்டரில் நீட்டிவிட்டேன். இங்கே இருக்கிற பொண்ணு டொம்மென்று விருத்தாசலம் முத்திரை அடித்துவிட்டு, "சார், இதுல வேற ஏதோ முத்திரை இருக்குதே, இது எந்த ஊரு சார்?" என்று கேட்டாள். பார்த்தால் ராக்கெட்டம்மா கவர்! பீரோ உங்கப்பா வாங்கிக் கொடுத்த சீதனம் என்பதும், அதற்கு இரண்டாவது சாவி உண்டு என்பதும் எனக்கு மறந்தே போச்சு. முத்திரை விழுந்ததைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள் இந்தப் பொண்ணு, நான் எழுதும்போதே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். உன் அக்காளுக்குப் போன் போட்டேன். பேசினாள் மாப்ளே, பேசினாள்! "இப்பதாங்க அது கவரு. உள்ள ஒண்ணு இருக்குதுல்ல? நீங்க கிறுக்குனத ஒத்துக்கிட்டு எழுதுன கடுதாசியே இருக்குது. எந்தம்பி ரெண்டையும் சேத்து எக்ஸிபிஷன்ல வெக்கட்டும். ஒங்ககிட்ட இருக்கறதவிட தபாலுல போறது பத்திரம்." ஆகவே மருந்து வேண்டாம், எதையும் அழிக்காதே. விண்வெளியில் ஒரு முத்திரை, விருத்தாசலத்தில் ஒரு முத்திரை, இப்படி ஒன்று உன் ஆல்பத்தில் உண்டா? சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறாள், ஈரத்துணி வைத்தால் இளகிவிடும். நான்கு முனையில் இருப்பது கறை இல்லை, மஞ்சள். கவுண்ட்டரில் கயிறு கட்டி வைத்திருக்கிற பேனா எழுதவில்லை, என் சட்டைப் பையில் இருந்தது இது ஒன்றுதான். நிறத்தைப் பற்றி உன் அக்காளிடம் மூச்சு விடாதே.